குச்சியைக்கூடத் தொடாதே!

'சுள்ளி பொறுக்கினா சாமி கண்ணைக் குத்திடும்!' சின்ன வயசுல அப்பத்தா மிரட்டியதால், எங்க குலசாமி கோயில் காட்டில் காய்ந்த குச்சியைக்கூட நான் தொட்டதில்லை. இப்போ சிவில் மூன்றாம் வருஷம். போன மாசம் சித்தப்பா, "தம்பி, ரெண்டு மரத்தை எடுத்துட்டு மண்டபம் கட்டணும். பிளான் போடு" என்றார்.

அவரிடம் காசம்பட்டியைச் சொன்னேன். திண்டுக்கல் மாவட்டம். அங்கே வீர கோவில் காடு வெறும் 4.97 ஹெக்டேர்தான். அதைத் தமிழக அரசு 2025-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அரிட்டாபட்டிக்கு (2022) அடுத்து மாநிலத்தில் இரண்டாவது. சித்தப்பா மசியலை.

விழுந்த குச்சி மட்கித்தான் மரத்துக்கு உரமாகுது. அப்பத்தாவுக்கோ அது சாமி சொத்து, அவ்வளவுதான். (எது சரின்னு என்னைக் கேட்காதீங்க!)

டேப்போடு போனேன். செருப்பைக் கழற்றிட்டுத்தான் அளந்தேன். மண்டபத்தைக் காட்டுக்கு வெளியே, களத்துமேட்டுப் பக்கம் வரைஞ்சு கொடுத்திருக்கேன். சித்தப்பா இன்னும் போன் எடுக்கலை.