இரண்டு பெரிய குழி, ஒன்பது சிறு குழி

கடிகார முகப்பிலும், புத்தகங்களின் முன்னுரைப் பக்கங்களிலும், வகுப்பறைக் கதவுகளின் மேலும் ரோமன் எண்களைப் பார்த்திருப்பீர்கள். ரோமாபுரி நமக்கு வெகு தொலைவு. ஆனால் அந்த எண்கள் எப்படி எழுதப்படுகின்றன என்பதை விளங்கிக்கொள்ள அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சேலத்திலிருந்து வடக்கே, தொப்பூர்க் கணவாயைத் தாண்டித் தருமபுரி வரை போனால் போதும். 1965-ஆம் ஆண்டு வரை அப்பகுதியும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது.

தருமபுரி வட்டாரத்தில் பழைய சாலைக்கல் ஒன்று கிடைத்திருக்கிறது. காலம் ஏறத்தாழ 13-ஆம் நூற்றாண்டு. சாலையின் பெயர் ‘அதியமான் பெருவழி’ என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். நாவற்றாவளம் என்னும் ஊருக்கு அங்கிருந்து 29 காதம் என்பது செய்தி. காதம் என்பது அக்காலத்து நீட்டலளவை. தாவளம் என்றால் வணிகர் தங்குமிடம். ஆக, இது நம் மைல் கல்லுக்குப் பாட்டன் முறை!

கல்லில் 29 என்ற எண் தமிழ் எண்ணாக, ௨௰௯ என்று இருக்கிறது. அதோடு விட்டிருந்தால் இக்கட்டுரைக்கே வேலையில்லை. அதே கல்லில் இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் தோண்டப்பட்டுள்ளன. பெரிய குழி ஒன்றுக்குப் பத்து. சிறிய குழி ஒன்றுக்கு ஒன்று. 27 காதம் என்று காட்டும் இன்னொரு கல்லிலும் இப்படியே இரண்டு பெரிய குழிகள், ஏழு சிறிய குழிகள். எழுத்தறியாத வழிப்போக்கரும் தொலைவைத் தெரிந்துகொள்ளட்டும் என்றே குழிகளை வெட்டினார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பொதிமாடு ஓட்டிவந்தவர் இருட்டில்கூட விரலால் தடவிப் பார்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது ரோமன் எண்ணுக்கு வருவோம். பெரிய குழிக்குப் பதில் Ⅹ, சிறிய குழிக்குப் பதில் Ⅰ என்று போட்டுப் பாருங்கள். இருபத்தேழு என்பது ⅩⅩ என எழுதி ஏழு கோடுகள் போட்டதாகிவிடும். ரோமன் முறையின் அடிப்படை இதுதான்: குறிகளை வரிசையாக அடுக்கிக் கூட்டிக்கொள்வது. ஏழு கோடுகளை எண்ணுவது கண்ணுக்குத் தொல்லை. ஆகவே ஐந்துக்கு Ⅴ என்று ஒரு குறி வைத்தார்கள். 27 என்பது ⅩⅩⅤⅠⅠ ஆயிற்று. அவ்வாறே 50-க்கு Ⅼ, 100-க்கு Ⅽ, 500-க்கு Ⅾ, 1000-க்கு Ⅿ. மொத்தம் ஏழே குறிகள்.

ஒன்பதில்தான் ஒரு தந்திரம். சிறிய குறி பெரிய குறிக்கு முன்னால் வந்தால் கூட்டக் கூடாது, கழிக்க வேண்டும். ⅩⅠ என்றால் 11. ⅠⅩ என்றால் 9. எனவே 29 என்பது ⅩⅩⅠⅩ. ஆனால் இஷ்டம்போல் கழித்துவிட முடியாது. Ⅰ என்பது Ⅴ, Ⅹ இரண்டுக்கும் முன்னால் மட்டுமே வரும். Ⅹ என்பது Ⅼ, Ⅽ இரண்டுக்கும் முன்னால் மட்டும். Ⅽ என்பது Ⅾ, Ⅿ இரண்டுக்கும் முன்னால் மட்டும். ஆகவே 99-ஐ ⅠⅭ என்று சுருக்கக் கூடாது. தொண்ணூறு தனி, ஒன்பது தனியாக ⅩⅭⅠⅩ என்றே எழுத வேண்டும். கழிக்கும் வழக்கம் பிற்காலத்தில்தான் உறுதிப்பட்டது. பல கடிகாரங்களில் நான்கு மணிக்கு ⅠⅤ என்றில்லாமல் ⅠⅠⅠⅠ என்று நான்கு கோடுகள் இருப்பதைக் கவனித்ததுண்டா?

தமிழ் எண்ணின் வழி வேறு. ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯ என்று ஒன்பதுக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. பெரிய குறிக்கு முன்னால் வரும் எண் அதைப் பெருக்கும். பின்னால் வரும் எண் கூடும். ௨௰௯ என்றால் இரண்டு பத்து, ஒன்பது. ௯௰ என்றால் 90. ௰௯ என்றால் 19. நாம் வாயால் எண்ணைச் சொல்லும் முறையும் கிட்டத்தட்ட இதுவே அன்றோ!

வேறுபாடு பெரிய எண்களில் பளிச்சென்று தெரியும். 1888-ஐ ரோமன் எண்ணில் எழுதினால் ⅯⅮⅭⅭⅭⅬⅩⅩⅩⅤⅠⅠⅠ. எண்ணிப் பாருங்கள், 13 குறிகள். தமிழில் ௲௮௱௮௰௮, ஆறே குறிகள். இன்றைய முறையில் நான்கு போதும். நம் முறையில் இலக்கம் நிற்கும் இடமே அதன் மதிப்பைச் சொல்லிவிடுகிறது. காலியிடத்தைப் பூச்சியம் காக்கிறது. பழைய தமிழ் எண்ணிலும் ரோமன் எண்ணிலும் பூச்சியம் இல்லை. 205 என்பது ௨௱௫. பத்தாம் இடத்தில் ஒன்றுமில்லை என்றால் ௰ வராது, அவ்வளவுதான்.

அப்படியானால் கணக்குப் போடுவது எப்படி? 29-ஐயும் 27-ஐயும் கூட்டிப் பார்ப்போம். ரோமன் எண்ணில் ⅠⅩ என்ற கழித்தல் குறி குறுக்கே நின்று தடுமாற வைக்கும். ரோமானியர் எழுத்தில் கணக்குப் போடவில்லை; மணிச்சட்டத்தில் போட்டு, விடையை மட்டும் எழுதிக்கொண்டார்கள். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்து வாயாலேயே கணக்குப் போட்டார்கள். ஆனால் அந்தக் குழிகளைக் கொண்டு கூட்டிப் பாருங்கள்: பெரிய குழி நான்கு, சிறிய குழி பதினாறு. பத்துச் சிறியதை ஒரு பெரியதாக மாற்றினால் பெரியது ஐந்து, சிறியது ஆறு, விடை 56. எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கென்று வெட்டிய குறிதான் கூட்டலுக்கு மிக எளிதாக இருக்கிறது!

ஆங்கிலேயர் ஆட்சியில் சாலைகளில் மைல் கற்கள் வந்தன. தமிழ் எண்ணும் ரோமன் எண்ணும் சேர்ந்தே பொறிக்கப்பட்ட அக்காலத்துக் கற்கள் புதுக்கோட்டைப் பகுதியில் கண்டறியப்பட்டுள்ளன. உங்கள் ஊர்ப்பக்கம் பழைய கல் எதுவும் தென்பட்டால் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று உற்றுப் பாருங்கள்; சுரண்டிச் சிதைத்துவிடாதீர்கள்.

அதுவரை வீட்டிலேயே பழகலாம். மேட்டூர் அணை திறக்கப்பட்ட 1934-ஆம் ஆண்டு தமிழில் ௲௯௱௩௰௪, ரோமனில் ⅯⅭⅯⅩⅩⅩⅠⅤ. நாமக்கல் தனி மாவட்டம் ஆன ஆண்டு ௲௯௱௯௰௭. அதை நீங்களே ரோமன் எண்ணில் எழுதுங்கள். எட்டுக் குறிகள் வர வேண்டும்.