மூன்று மில்லிமீட்டர் பற்றாக்குறை

பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களுக்கு ரயில் வந்ததே 1979-ல்தான். திருவனந்தபுரம்-கன்னியாகுமரி அகலப்பாதை திறந்தபோது, நாட்டில் நீராவி இன்ஜின் தயாரிப்பு நின்று ஏழு வருடமாகியிருந்தது. இங்கே இன்று யாருக்காவது புகைவண்டி மோகம் பிறந்தால், மேஜை மீதுதான் கட்டிக்கொள்ள வேண்டும்.

கட்டுவதென்றால் அகலப்பாதையின் அழகி, கூம்பு மூக்கு டபிள்யூ.பி.தான். 1947-ல் அமெரிக்க பால்ட்வின் கம்பெனியிலிருந்து வந்து இறங்கியது. இப்படிப்பட்ட மாடல் 'கிட்'டில் வருவது பித்தளைத் தகடுகள். வெட்டி, மடித்து, ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். சூடு சற்றுக் கூடினால் நேற்று ஒட்டிய கைப்பிடி இன்று கழன்று விழும். சக்கரங்களைப் பிணைக்கும் தண்டில் துளை மயிரிழை பிசகினாலும் இன்ஜின் நொண்டும். எனவே சேஸிஸ் கையால் தள்ளி வழுக்கென்று உருண்ட பிறகே மோட்டார்.

பெரிய தலைவலி தண்டவாளம். கடையில் கிடைக்கும் 1:87 'எச்.ஓ.' தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. அது அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் உள்ள 1,435 மி.மீ. பாதைக்கான கணக்கு. நம் 1,676 மி.மீ. பாதைக்கு 19.3 வேண்டும். ரெடிமேட் தண்டவாளத்தில் ஏற்றினால் டபிள்யூ.பி. ஒல்லிக்கால்களில் நிற்கும். சரியான அளவில் செய்தால் அச்சு முதல் பாயின்ட் வரை சொந்தக் கைவேலை.

சமரசம் செய்துகொள்பவர் சீக்கிரமே ஓட்டிப் பார்த்துவிடுவார். பிடிவாதக்காரரின் இன்ஜின், அவரே தண்டவாளம் போட்டு முடிக்கும்வரை அலமாரியில்தான்.