தோற்கும் முகங்களை முதலில் எண்ணுங்கள்

டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும் பகடைக் கணக்குதான் இது. கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய விளையாட்டு. 1974இல் அமெரிக்காவில் வெளியானது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். அவர்தான் டன்ஜன் மாஸ்டர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். பேச்சிலேயே கதை நகரும். வெட்டு விழுந்ததா, பூட்டு திறந்ததா என்ற இடத்தில் மட்டும் பகடையை உருட்டுவார்கள். பெரும்பாலும் அது இருபது முகப் பகடை. ஆட்டக்காரர்கள் பேச்சில் டி20.

ஒரு சண்டையையே எடுத்துக்கொள்வோம். உங்கள் வீரன் கோப்ளின் என்னும் குட்டிப் பூதத்தின் மீது வாளை ஓங்குகிறான். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி கோப்ளினின் ஆர்மர் கிளாஸ், அதாவது வெட்டு பட எட்ட வேண்டிய எண், 15. உங்கள் தாக்குதல் போனஸ் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். பகடையில் விழும் எண்ணோடு 5ஐக் கூட்டினால் 15 வர வேண்டும். அதாவது 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 10 முதல் 20 வரை எத்தனை முகங்கள்? சட்டென்று பத்து என்று சொல்லத் தோன்றும்; விரல்விட்டு எண்ணினால் பதினொன்று. இருபதில் பதினொன்று, ஆக 55 சதவீதம். தோல்விப் பக்கமிருந்து எண்ணினால் இந்தத் தடுமாற்றமே வராது: 1 முதல் 9 வரை ஒன்பது முகங்கள் தோல்வி, மிச்சமெல்லாம் வெற்றி.

வெட்டு பட்டதும் கோப்ளின் செத்துவிடாது. அதற்கு 7 ஹிட் பாயின்ட் உண்டு; சேதம் அந்த அளவை எட்டினால்தான் சாகும். உங்கள் வாளின் சேதத்துக்கு எட்டு முகப் பகடையும் கூடுதலாக 3உம் என்றால், பகடையில் 4 அல்லது அதற்கு மேல் வேண்டும். எட்டில் ஐந்து முகங்கள். வெட்டும் பட வேண்டும், சேதமும் போதுமானதாக இருக்க வேண்டும் என்னும்போது இரண்டையும் பெருக்க வேண்டும். 11/20 × 5/8, சுமார் 34 சதவீதம். டி20இல் 20 விழுந்தால் சேதப் பகடையை இரண்டு தடவை உருட்டலாம். அந்தச் சலுகையையும் சேர்த்தால் 36. ஒரே வெட்டில் கதையை முடிப்பது மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

இனி அட்வான்டேஜ். கோப்ளின் தடுக்கி விழுந்து கிடக்கிறது, நீங்கள் பக்கத்திலேயே நிற்கிறீர்கள். இரண்டு டி20 உருட்டி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். வாய்ப்பு இரட்டிப்பாகி 110 சதவீதம் ஆகிவிடுமா? ஆகாது. தோல்வியைப் பாருங்கள்: இரண்டு பகடையுமே 9ஐத் தாண்டாமல் இருந்தால்தான் தோற்பீர்கள். 9/20 × 9/20, ஏறத்தாழ 20 சதவீதம். ஆக வெற்றி 80. டிஸ்அட்வான்டேஜ் என்றால் சின்ன எண்தான் கணக்கு. இரண்டுமே தேற வேண்டும். 55 சதவீதம் 30 ஆகச் சரிந்துவிடும்.

அட்வான்டேஜுக்கு இன்ன மதிப்பு என்று நிலையாக ஒன்று கிடையாது. 11 தேவைப்படும் இடத்தில் வாய்ப்பு 50இலிருந்து 75க்கு ஏறும். கையில் 5 போனஸ் வந்ததற்குச் சமம். 20 விழுந்தால்தான் உண்டு என்ற இடத்தில் 5 சதவீதம் 9.75 ஆகும், 1 போனஸுக்குக்கூட எட்டாது. 2 விழுந்தாலே போதும் என்ற இடத்திலும் அதே கதைதான். பாதிக்குப் பாதி நிலைமையில்தான் அதற்கு முழுப் பலன். இருக்கிற சலுகையைக் கைவிட்டுப்போன சண்டையில் வீணாக்காதீர்கள்.

அடுத்து ஆயுதம். பெரிய வாளுக்கு ஆறு முகப் பகடை இரண்டு. பெரிய கோடரிக்குப் பன்னிரண்டு முகப் பகடை ஒன்று. சராசரி வாளுக்கு 7, கோடரிக்கு 6.5. அப்படியானால் வாள்தான் சிறந்ததா? எவ்வளவு சேதம் தேவை என்பதைப் பொறுத்தது. 7 அல்லது அதற்கு மேல் வேண்டுமென்றால் வாளுக்கு 58 சதவீதம், கோடரிக்கு 50. 8 அல்லது அதற்கு மேல் என்றால் 36இல் 15, 12இல் 5, இரண்டும் ஒன்றே. 10க்குப் போனால் கோடரிக்கு 25, வாளுக்கு 17தான். ஒற்றைப் பகடையில் எல்லா எண்ணும் சமம். இரண்டு பகடையைக் கூட்டினால் எண்கள் நடுவில் குவியும், ஓரங்கள் மெலியும்.

ஏன் குவிகிறது என்ற கேள்வி கலிலியோவையே தேடி வந்தது. ஆறு முகப் பகடை மூன்றை உருட்டினால் 9ஐ விட 10 அடிக்கடி விழுவது சூதாடிகளுக்குப் புதிராக இருந்தது. இரண்டுக்கும் ஆறாறு சேர்க்கைகள்தானே? 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் எழுதிய விளக்கம் எளிமையானது. 3, 3, 3 விழ ஒரே வழி. 1, 2, 6 விழ ஆறு வழி. அப்படி எண்ணினால் மொத்தம் 216 வழிகளில் 9க்கு 25, 10க்கு 27. பழைய ஆட்டத்தில் பாத்திரத்தின் பலம், அறிவு எல்லாவற்றுக்கும் இதே மூன்று பகடைதான். 18 விழ 216இல் ஒரே வழி. நான்கு உருட்டிச் சிறியதைத் தள்ளிவிடும் பிற்கால முறையில் 1296இல் 21. சரியாக மூன்றரை மடங்கு.

மூன்று தடவை தவறிவிட்டது, நாலாவது கட்டாயம் படும் என்று மேசையில் யாராவது சொல்வார்கள். முதலில் பார்த்த 55 சதவீத வெட்டில், மூன்று முயற்சியில் ஒன்றாவது பட 91 சதவீத வாய்ப்பு உண்டு. ஆனால் அது முதல் உருட்டலுக்கு முன்னால். மூன்றும் தவறிய பிறகு நாலாவதுக்கு அதே 55தான்.

அடுத்த தடவை பகடையைக் கையில் எடுக்கும்போது தோற்கும் முகங்களை எண்ணிவிட்டு உருட்டுங்கள். ஜெயிப்பீர்கள் என்று சொல்ல முடியாது. எந்தச் சண்டையில் இறங்கலாம், எதில் பின்வாங்கலாம் என்பது மட்டும் தெளிவாகத் தெரியும்.