மில்லியும் கிராமும்

ஒரு லிட்டர் சமையல் எண்ணெய்ப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் 910 கிராம் என்றும் அச்சிட்டிருக்கும். லிட்டர் என்றாலே கிலோ என்று பழகிய கண்ணுக்கு 90 கிராம் குறைவதுபோல் தோன்றும். உண்மையில் எதுவும் குறையவில்லை. லிட்டர் என்பது ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடம். கிலோ அதன் எடை. இரண்டையும் இணைப்பது அடர்த்தி. மில்லி அளவை அடர்த்தியால் பெருக்கினால் கிராம் கிடைக்கும். கிராமை அதனால் வகுத்தால் மில்லி.

தண்ணீருக்கு மட்டும் இந்தக் கணக்கே வேண்டாம். 1795-இல் பிரான்சில் மெட்ரிக் முறையை வகுத்தவர்கள் ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடையையே ஒரு கிராம் என்று வைத்தார்கள். நீர்மோர், ரசம், வினிகர் போன்ற பெரும்பகுதி தண்ணீரான திரவங்களுக்கும் மில்லியைக் கிராமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

எண்ணெய்கள் தண்ணீரைவிட இலேசானவை. நல்லெண்ணெயின் அடர்த்தி சுமார் 0.92, கடலை எண்ணெய், உருகிய நெய் இரண்டும் 0.91 அளவில் நிற்கும். 50 மில்லி நல்லெண்ணெய் 46 கிராம். தேன் மறுபக்கம்: அடர்த்தி 1.42. அரை கிலோ தேன் 350 மில்லியை ஒட்டியே வரும் என்பதால்தான் தேன் பாட்டில் கண்ணுக்குச் சிறியதாகவும் கைக்குக் கனமாகவும் இருக்கிறது.

பாலின் கதை கொஞ்சம் சுவாரசியமானது. அதிலுள்ள கொழுப்பு தண்ணீரைவிட இலேசு. சர்க்கரையும் புரதமும் உப்புகளும் கனம். கனமானவையே மிகுதி என்பதால் அடர்த்தி 1.03 ஆகிறது. பால்மானி மிதக்கும் ஆழம் இதைத்தான் காட்டுகிறது. தண்ணீர் கலந்தால் அது இன்னும் ஆழமாக அமிழும். ஆனால் ஆடையை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி கூடும். பிறகு தண்ணீர் சேர்த்துப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். பால்மானியை மட்டும் நம்பினால் இந்தத் தில்லுமுல்லு பிடிபடாது.

சர்க்கரைப் பாகுக்கு நிலையான எண்ணே கிடையாது. 100 மில்லி தண்ணீரில் 100 கிராம் சர்க்கரையைக் கரைத்தால் எடை 200 கிராம். அளவுக் குவளையிலோ 160 மில்லியைச் சற்றே தாண்டும். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகி அடர்த்தி ஏறும். பாகைத் தராசில் நிறுப்பதே நல்லது. தேனும் அப்படித்தான், அளந்த கரண்டியிலேயே பாதி ஒட்டிக்கொள்ளும்.

சமையல் குறிப்புகளில் வரும் ‘கப்’ இன்னொரு தொல்லை. அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி, மெட்ரிக் கப் 250, ஜப்பானியக் கப் 200. நம் ஆழாக்கு ஏறக்குறைய 168 மில்லி என்பார்கள். அதுவும் ஊருக்கு ஊர் மாறியது. எந்தக் கப் என்று தெரியாமல் எடைக்கு மாற்றுவது வீண்வேலை. அமெரிக்கக் கப்புக்குப் பதில் மெட்ரிக் கப்பில் தேனை அளந்தால் 18 கிராமுக்கு மேல் கூடிவிடும். எந்தக் கப்பானாலும், அளக்கும்போது குவளையைச் சமதளத்தில் வைத்து, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, திரவப் பரப்பின் நடுவிலுள்ள தாழ்ந்த பகுதியைப் படிக்கவேண்டும்.

கடைசியாக வெப்பம். சூடானால் எண்ணெய் விரியும், எடை மாறாது. சோயா எண்ணெய் ஒரு லிட்டர் 21 டிகிரி செல்சியஸில் 919 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். சில நிறுவனங்கள் 60 டிகிரி வரை குறிப்பிட்டு லிட்டர் கணக்கைக் காட்டிவந்தன. அந்தச் சூட்டில் லிட்டரை நிரப்பக் குறைந்த எண்ணெயே போதும். 2022 ஆகஸ்டில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் நிகர அளவை அச்சிடவும், அதற்குரிய எடை சரியாக இருக்கிறதா என்று உறுதிசெய்யவும் அறிவுறுத்தியது. வணிகத்தில் இது பெரிய தொகை. வீட்டில் அப்படியல்ல: பத்து டிகிரி மாறினால் லிட்டருக்கு ஏறக்குறைய 7 கிராம், 50 மில்லி கரண்டிக்கு அரை கிராம்கூட இல்லை. ஒவ்வொரு கிராமாக எண்ணும் சமையலறைத் தராசுக்கு அது தெரியவே தெரியாது.