மழையும் மயையும்

உங்கள் வீட்டுப் பிள்ளைகளை அழைத்து 'வாழைப்பழம்' என்று ஒருமுறை சொல்லச் செய்யுங்கள். எங்கள் இராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகளில் அது 'வாயப்பயம்' என்றே ஒலிக்கும். மழை 'மயை'யாகும், இழுத்து என்பது 'இஸ்து' ஆகும். தென்மாவட்டங்களில் ளகரமாகத் தேய்ந்த அதே ழகரம்தான் இங்கே யகரமாயிற்று. ஆகவே ஒருவரைப் பார்த்து மற்றவர் சிரிக்க நியாயமில்லை.

என்னிடம் ஓதவரும் அண்ணனும் தங்கையும் 'ரமழான்' என்பதிலுள்ள அரபி எழுத்தை, நாவின் ஓரத்தை மேல் கடைவாய்ப் பற்களில் பொருத்தி, அழகாக மொழிகிறார்கள். தமிழ் ழகரத்தைவிடக் கடினமான எழுத்து அது. ஆனால் வாசலில் செருப்பு மாட்டும்போது தங்கை 'மழை வருது' என்கிறாள். அண்ணனோ 'மயை வருது' என்கிறான். ஏனென்று கேட்டேன். "மழைன்னா பசங்க சிரிப்பாங்க ஹஜ்ரத்" என்றான்.

நாக்கு புரளாதது காரணமன்று. துறைமுகத்திலும் எண்ணூர்த் தொழிற்சாலை வாசலிலும் அப்பேச்சே ஆண்பிள்ளைக்குத் தோழமை தருகிறது. தங்கைக்கோ பள்ளியும் அலுவலகமுமே முன்னேறும் வழி. அங்கே ழகரம் கேட்கிறார்கள். காசிமேட்டில் மீன் விற்கும் பெண்கள் 'மயை'யைக் கைவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். பிழைப்பு எங்கே இருக்கிறதோ, நாவும் அங்கே திரும்புகிறது.

ஸ்பெயின் நாட்டின் உசியேதா என்னும் மலைக் கிராமத்தைப் பற்றி ஜோனத்தன் ஹோம்குவிஸ்ட் 1985இல் வெளியிட்ட ஆய்வும் இத்தகையதே. சொல்லிறுதி 'ஒ'வை அவ்வூரார் 'உ' என்பர். மலையில் மாடு வளர்த்த ஆண்களிடம் அது நிலைத்திருந்தது. ஆலை வேலைக்குப் போனோரிடம் குறைந்தது. இளம்பெண்களிடம் மிகமிகக் குறைந்தது.

பெண்பிள்ளைகள் திருத்தமாகப் பேசட்டும், மகிழ்ச்சியே. ஆனால் அந்தத் தங்கை, பெற்றோர் கூட்டத்திற்குத் தாயார் வரக்கூடாது என்று அழுதிருக்கிறாள். 'ஏயாவது படிக்கிறா' என்று தாயார் சொல்லிவிடுவாராம்! எனக்குச் சுருக்கென்றது. பட்டம் பெற்ற ஆண்டில், விருந்தினர் முன்னிலையில் என் தாயாரின் பேச்சைத் திருத்தியவன் நான். அதன்பின் விருந்தினர் வந்தால் அவர் அடுக்களையைவிட்டு வெளியே வரமாட்டார்.

அதை அச்சிறுமியிடம் சொன்னேன். தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். கூட்டத்திற்குத் தாயாரே சென்றார். 'ஏயாவது'தான் சொன்னாராம். ஆசிரியையும் திருவொற்றியூர்க்காரர், "தெர்யும்மா, உக்காருங்க" என்றாராம்.