மெத்தனால்: நஞ்சு பிறக்கும் இடம் கல்லீரல்

2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் குடித்தவருக்கு முதலில் லேசான போதையைத் தவிர வேறெதுவும் தெரியாமல் போகலாம். பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்துதான் வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, பார்வை மங்கல் எல்லாம் வரும். ஏன் இந்தத் தாமதம்?

மெத்தனாலைவிட, நம் கல்லீரல் அதை மாற்றித் தரும் அமிலம்தான் கொடியது. அந்த மாற்றத்துக்கு நேரம் பிடிக்கிறது.

ஆல்ககோல் ஆக்சிஜனேற்றம் அடைந்து அமிலமாவதை ஐந்தாம் படிவ வேதியியலில் படிக்கிறோம், இல்லையா? கல்லீரலில் அதே வேலையை நொதிகள் செய்கின்றன. முதல் படியைச் செய்வது ஆல்ககோல் டிஹைட்ரோஜினேஸ். மூன்று பொருள்களை ஒப்பிடுங்கள்:

1. எத்தனால் (சாதாரண மது) → அசிட்டால்டிஹைடு → அசிட்டிக் அமிலம்
2. மெத்தனால் → ஃபார்மால்டிஹைடு → ஃபார்மிக் அமிலம்
3. எத்திலீன் கிளைகால் (வாகனக் குளிர்விப்பு நீர்மம்) → கிளைகாலிக் அமிலம் → ஆக்சாலிக் அமிலம்

முதலாவதில் வரும் அமிலத்தை உடல் எரித்து ஆற்றலாக்கிவிடும். ஃபார்மிக் அமிலம் அப்படியில்லை. மெதுவாகத்தான் சிதையும், அதனால் தேங்கிவிடும். இரத்தத்தின் அமிலத்தன்மை கூடும். உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் திணறும். பார்வை நரம்பு சீக்கிரமே பாதிக்கப்படும். மூன்றாவதில் ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இனி சிகிச்சை. நொதியைத் தடுத்தால் அமிலம் உருவாகாது. ஃபோமெபிசோல் என்ற மருந்து அதைத்தான் செய்கிறது. அது இல்லாத இடத்தில் மருத்துவர்கள் எத்தனாலையே அளந்து கொடுப்பதுண்டு. நொதி எத்தனாலோடுதான் அதிகம் ஒட்டும். அதை முடிக்கும்வரை மெத்தனால் காத்திருக்க வேண்டியதுதான். அதற்குள் டயாலிசிஸ் வழியாக மெத்தனாலையும் உருவான அமிலத்தையும் வெளியேற்றலாம்.

இதை வீட்டில் செய்து பார்க்கக்கூடாது. அளவும் இரத்தப் பரிசோதனையும் இல்லாமல் மேலும் மது கொடுப்பது ஆபத்து. சந்தேகம் வந்தால், அறிகுறிக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்தத் தாமத நேரம்தான் உயிரையும் கண்ணையும் காப்பாற்றக் கிடைக்கும் வாய்ப்பு.

பயிற்சி: மெத்தனால் நஞ்சுக்கு எத்தனால் எவ்வாறு மாற்று மருந்தாகிறது? ‘நொதி’, ‘ஆக்சிஜனேற்றம்’, ‘போட்டி’ ஆகிய சொற்களைப் பயன்படுத்தி, காரணத்தை முதலிலும் விளைவைப் பிறகும் வைத்து நான்கு வாக்கியங்களில் விளக்குக.