பழைய பிக்கப் டிரக்குக்கு முன் சஸ்பென்ஷன்: பொருந்திடுச்சுன்னா சரின்னு அர்த்தமில்லை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

போன எபிசோட்ல டேட்டாபேஸ் பத்தி ஒரு மணி நேரம் பேசி உங்களைத் தூங்க வெச்சேன்னு நிறைய மெசேஜ். அதனால இன்னைக்கு கம்ப்யூட்டரை மூடி வெச்சிடலாம். இரும்பு பத்திப் பேசலாம்.

என் கதை உங்கள்ல பாதிப் பேர் கதைதான். படிச்சது மெக்கானிக்கல், கேம்பஸ்ல கிடைச்சது ஐ.டி. நாலு வருஷம் படிச்ச எதையும் அதுக்கப்புறம் தொட்டதே இல்லை. கம்பெனி என்னை ரெண்டு வருஷம் அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துக்கு அனுப்பினாங்க. அங்க என் பக்கத்து வீட்டுல ஒரு பெரியவர். கார் தொழிற்சாலை டூல் ரூம்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவர் கராஜ்ல ஒரு 1956 ஃபோர்டு எஃப்-100 பிக்கப் டிரக் பாதி பிரிச்ச நிலையில நின்னுச்சு. பேரனுக்கு 16 வயசு ஆகப்போகுது, லைசென்ஸ் எடுக்கப்போறான், அவனுக்குத்தான் இந்த வண்டின்னு சொன்னார். ஒரு சனிக்கிழமை "கை குடுக்கிறியா?"ன்னு கேட்டார். குளிர்காலம், எனக்கும் வேற வேலை இல்லை. போனேன்.

அந்த வண்டியோட முன் சஸ்பென்ஷனை நாங்க புதுசா செஞ்சோம். அதுல நான் ஒரு தப்பு பண்ணினேன். கண்ணுக்கு தெரியாத தப்பு. கண்டுபிடிக்காம விட்டிருந்தா, அந்தப் பையன் ஒரு பள்ளத்துல வண்டியை விட்ட நிமிஷம் வண்டி தானா திரும்பியிருக்கும். அந்தத் தப்பு புரியணும்னா முதல்ல சஸ்பென்ஷன் புரியணும். அதுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

முதல்ல என்ன இருந்தது?

அடுத்த முறை ரோட்டோரம் ஒரு லாரி நின்னா, முன்னாடி குனிஞ்சு பாருங்க. ரெண்டு முன் சக்கரத்தையும் சேர்த்து ஒரே கனமான இரும்புத் தண்டு போகும். அதுக்கு மேல கமான் பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங். 1956 எஃப்-100லயும் இதேதான். ரொம்ப உறுதியான அமைப்பு, பாரம் ஏத்த வசதி. ஆனா ஒரு சக்கரம் கல்லு மேல ஏறினா தண்டு சாயும். தண்டு சாய்ஞ்சா அந்தப் பக்கத்துச் சக்கரமும் சேர்ந்து சாயும். இன்னைய ஹைவே வேகத்துல அப்படி ஒரு வண்டியை ஓட்டறது ஸ்டீயரிங்கோட மல்யுத்தம் பண்ற மாதிரி.

அதனால இந்த மாதிரி டிரக்கை மாத்தறவங்க பெரும்பாலும் போற வழி ஒண்ணு இருக்கு: மஸ்டாங் 2 சஸ்பென்ஷன். 1974-ல இருந்து 1978 வரைக்கும் ஃபோர்டு வித்த சின்ன கார் அது. கார் பெரிய புகழ் வாங்கல. ஆனா அதோட முன் சஸ்பென்ஷன் அடக்கமா, அகலம் குறைவா, ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங்கோட இருந்தது. பழைய வண்டிகளோட சேஸிக்குள்ள அழகா உட்காரும். இன்னைக்கும் அதே வடிவத்துல புதுப் பாகங்கள் செஞ்சு விக்கிறாங்க.

ஒவ்வொரு பக்கமும் ரெண்டு ஆர்ம், மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ஆர்மோட உள்முனை சேஸியில கீல் மாதிரி ஆடும். வெளிமுனையில பால் ஜாயிண்ட். ரெண்டு பால் ஜாயிண்டுக்கும் நடுவுல சக்கரத்தைத் தாங்குற ஸ்பிண்டில். மெக்கானிக்கல் மக்களே, ஞாபகம் வருதா? சேஸி ஒரு லிங்க், மேல் ஆர்ம் ஒண்ணு, ஸ்பிண்டில் ஒண்ணு, கீழ் ஆர்ம் ஒண்ணு. கே.ஓ.எம். பேப்பர்ல வந்த ஃபோர் பார் மெக்கானிசம்தான் இது! அந்தப் பேப்பருக்கு முந்தின நாள் ராத்திரி நான் மனப்பாடம் பண்ணின படம், அந்த கராஜ்ல இரும்பா தொங்கிட்டு இருந்தது.

எதை வாங்கணும், எதைச் செய்யணும்?

பெரியவர் முதல் நாளே கோடு போட்டுட்டார். ஸ்பிண்டில், பால் ஜாயிண்ட், ஸ்டீயரிங் ரேக், பிரேக், இதெல்லாம் கடையில வாங்கறது. ஸ்பிண்டில் ஃபோர்ஜிங், அதாவது காய்ச்சி அடிச்சு உருவாக்கினது. அந்த உறுதியை வீட்டு கராஜ்ல கொண்டு வர முடியாது. நாம செய்யறது கிராஸ் மெம்பரும் ஆர்மும் மட்டும். கிராஸ் மெம்பர்னா சேஸியோட ரெண்டு பக்கத்தையும் இணைக்கிற குறுக்குப் பெட்டி. எல்லா ஆர்மும் அதுலதான் தொங்கும்.

ஆர்முக்கு எடுத்தது டி.ஓ.எம். டியூப். இரும்புத் தகட்டைச் சுருட்டி வெல்ட் பண்ணி, அப்புறம் உள்ள ஒரு அச்சை வெச்சு இழுத்து, அளவைத் துல்லியமாக்கின குழாய். ஒரு குழாய் இன்னொரு குழாயோட சேர்ற இடத்தை மீன் வாய் மாதிரி வளைவா வெட்டணும். இடைவெளி இல்லாம உட்கார்ற வரைக்கும் அரத்தை விடக் கூடாது. இடைவெளியை வெல்டிங்ல நிரப்பிக்கலாம்னு நினைக்கறது சோம்பேறித்தனம், அதுவும் ஆபத்தான சோம்பேறித்தனம்.

வெல்டிங் நானும் கத்துக்கிட்டேன். ரெண்டு வாரம் துண்டு இரும்புல பழகினேன். ஒரு நாள் ஒரு ஜாயிண்ட் அவ்வளவு அழகா வந்தது, அடுக்கி வெச்ச காசு மாதிரி. போட்டோ எடுத்து நம்ம காலேஜ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். பெரியவர் அதை வைஸ்ல மாட்டி சம்மட்டியால ரெண்டு அடி அடிச்சார். தோல் உரிஞ்ச மாதிரி பிரிஞ்சு வந்தது. மிக் வெல்டிங்ல இது சகஜம். மேல பார்க்க நல்லா இருக்கும், ஆனா அடி இரும்பு உருகியே இருக்காது. அதோட என் வெல்டிங் வாழ்க்கை முடிஞ்சது. ஆர்ம்ல இருக்கிற ஒவ்வொரு வெல்டும் அவர் போட்டது. நான் கிரைண்டர், அரம், அளவு. எனக்கு அதுல வருத்தமே இல்லை. அந்த வெல்ட் விட்டுச்சுன்னா சக்கரம் கழண்டு போகும். சர்வர் விழுந்தா ரீஸ்டார்ட் பண்ற கதை இல்ல இது.

இன்னொரு விஷயம். வெல்ட் ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது இழுக்கும். புஷ் உட்கார்ற வட்டமான ஸ்லீவ் கோணிப் போயிடும். அதனால ஸ்லீவுக்குள்ள கெட்டியான இரும்பு உருளை ஒண்ணை வெச்சு, மொத்தத்தையும் ஜிக்ல இறுக்கி, எதிரெதிர்ப் பக்கமா கொஞ்சம் கொஞ்சமா வெல்ட் பண்ணி, முழுசா ஆறின பிறகுதான் அவர் ஜிக்கைக் கழட்டுவார். இடது ஆர்ம் முடிய ஒரு முழு நாள் ஆச்சு.

வண்டி நிக்கிற நிலை

ஒரு ஆங்கிளைப் புரிஞ்சுக்கணும்: காஸ்டர். சைக்கிள் ஹேண்டில்ல இருந்து கையை எடுத்தாலும் நேரா போகுதே, அதுக்கு ஃபோர்க் பின்பக்கமா சாய்ஞ்சிருக்கறதும் ஒரு காரணம். கார்லயும் அதே மாதிரி மேல் பால் ஜாயிண்ட், கீழ் பால் ஜாயிண்டை விடக் கொஞ்சம் பின்னாடி இருக்கும். எங்க டிரக்குக்கு நாங்க வெச்ச இலக்கு 4 டிகிரி.

இந்த மாதிரி டிரக்குகளை முன்பக்கம் தாழ்வா, மூக்கைக் குத்தின மாதிரி நிறுத்தறதுதான் ஸ்டைல். எங்களுதும் 2 டிகிரி. ஆனா வேலை நடக்கும்போது இன்ஜின் இல்லை, பாடி இல்லை, சேஸி மட்டமா ஸ்டாண்டு மேல நிக்குது. அந்த நிலையில கிராஸ் மெம்பரை நேரா வெல்ட் பண்ணியிருந்தா, வண்டி தரையில இறங்கி மூக்கைத் தாழ்த்தின உடனே 4 டிகிரியில பாதி காணாமப் போயிருக்கும். அதனால சேஸியை முதல்ல கடைசியா நிக்கப்போற உயரத்துக்கும் சாய்வுக்கும் கொண்டு வந்தோம். ஸ்பிரிங்குக்குப் பதிலா அளவா வெட்டின கம்பியை வெச்சு ஆர்மைத் தாங்கினோம். அதுக்கப்புறம்தான் முதல் டேக் வெல்ட்.

என் தப்பு

மஸ்டாங் 2 சின்ன கார், எங்களுது அகலமான டிரக். ஒரிஜினல் அளவுலயே செஞ்சா சக்கரம் ஃபெண்டருக்குள்ள ஒளிஞ்சுக்கும். கிராஸ் மெம்பரையே அகலமாக்கி, ஆர்ம் கீல்களை ஒவ்வொரு பக்கமும் 2 அங்குலம் வெளிய தள்ளலாம்னு நான்தான் யோசனை சொன்னேன். பெரியவர் தலையைச் சொறிஞ்சார். "கணக்குப் போட்டியா?"ன்னு கேட்டார். போட்டிருந்தேன். ஒரு சின்ன புரோகிராம் எழுதி, சக்கரம் மேல கீழ போகும்போது என்ன ஆகுதுன்னு கிராஃப் போட்டுக் காட்டினேன். கோடு நேரா இருந்தது. சரின்னுட்டார்.

ரேக்ல இருந்து சக்கரத்துக்குப் போற கம்பிதான் டை ராட். அது 2 அங்குலம் குட்டையா இருந்தது. நீட்டி மாட்டினேன். கச்சிதமா பொருந்துச்சு.

ஸ்பிரிங் போடறதுக்கு முன்னாடி பெரியவர் ஒரு டெஸ்ட் பண்ணச் சொன்னார். ஸ்பிரிங் இல்லாம, ஹப்ல ஒரு தட்டையான பலகையைப் போல்ட் பண்ணி, ஜாக்கியால சக்கரத்தை 3 அங்குலம் மேல ஏத்து; ஸ்டீயரிங் அசையாம பூட்டி வை; பலகையோட முன் விளிம்பையும் பின் விளிம்பையும் அள. பலகை திரும்பக் கூடாது. திரும்பினா அதுக்குப் பேர் பம்ப் ஸ்டீர்.

பலகை திரும்புச்சு. முன் விளிம்பு வெளிப்பக்கமா போச்சு. திரும்ப அளந்தேன். அதேதான். "ஒரு பக்கம் மட்டும் ஏன் அளக்கிறே?"ன்னார். அந்தப் பக்கமும் அதேதான்.

ஏன்னு சொல்றேன், வெறும் பிதாகரஸ்தான். கீழ் ஆர்ம் 12 அங்குலம்னு வெச்சுக்குங்க. மட்டமா இருக்கிற ஆர்மோட வெளிமுனை 3 அங்குலம் மேல போனா, அது வட்டத்துல போறதால உள்பக்கமா 9.7 மில்லிமீட்டர் நகரும். டை ராட்டும் 12 அங்குலமா, அதே கோட்டுல இருந்து கிளம்பினா, அதுவும் 9.7 நகரும். ரெண்டும் ஒண்ணா போகும், சக்கரம் திரும்பாது. ஆனா என் டை ராட் 14 அங்குலம். அது உள்ள போறது 8.3 தான். வித்தியாசம் வெறும் 1.4 மில்லிமீட்டர். 5 அங்குல ஸ்டீயரிங் ஆர்ம் முனையில இந்த 1.4 மில்லிமீட்டர் தள்ளினா, 26 அங்குல டயரோட முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் 7 மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசம் வரும். வீல் அலைன்மென்ட் கடையில ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டருக்கே முகம் சுளிப்பாங்க.

ஆர்ம் கீல்களை வெளிய தள்ளின நான், ரேக்கோட உள் மூட்டைத் தள்ளலை. ரேக் கடையில வாங்கின அகலத்துலயே இருந்தது. சரி, புரோகிராம் ஏன் பிடிக்கலை? அதுதான் என்னை ராத்திரி தூங்க விடலை. டை ராட் உள் மூட்டோட இடத்தை, ஆர்ம் கீல்ல இருந்து எவ்வளவு தூரம்னு எழுதியிருந்தேன். கீலை நகர்த்தினா புரோகிராமுக்குள்ள மூட்டும் தானா நகர்ந்துடுச்சு. திரையில இருந்த வண்டிக்குத் தப்பே இல்லை. கராஜ்ல இருந்த வண்டி வேற வண்டி.

எப்படிச் சரியாச்சு?

ரேக்கோட ரெண்டு முனையிலயும் முடுக்கற எக்ஸ்டென்ஷன் கிடைக்கும். உள் மூட்டை 2 அங்குலம் வெளிய கொண்டு வந்தோம், டை ராட்டைப் பழைய நீளத்துக்குக் குறைச்சோம். திரும்ப ஜாக்கி, பலகை, அளவு. இந்த முறை ஒரு மில்லிமீட்டருக்கும் கீழ.

பெரியவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். "அளந்தது நீதானே?"ன்னு மட்டும் சொல்லிட்டு ஸ்பிரிங்கை எடுக்கப் போயிட்டார். கோபமே இல்லை. ஆனா நான் யோசிச்சுப் பார்த்தேன்: அந்த டெஸ்டை அவர் சொல்லலைன்னா நான் பண்ணியிருப்பேனா? மாட்டேன். எல்லாம் பொருந்தியிருந்துச்சே, கிராஃப் நேரா இருந்துச்சே. அந்தத் தப்போட விலையை நான் குடுத்திருக்க மாட்டேன். நான் ஊருக்குத் திரும்பின பிறகு ஒரு 16 வயசுப் பையன் குடுத்திருப்பான்.

சஸ்பென்ஷன்ல பாகத்தோட பலம் முக்கியம்தான். ஆனா அந்தப் பாகங்கள் எந்தப் புள்ளியைச் சுத்திச் சுழலுதுங்கறதுதான் வண்டி நேரா போகுமான்னு முடிவு பண்ணுது. புள்ளி கண்ணுக்குத் தெரியாது. அசைச்சு அளந்தாதான் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. இதைக் கேட்டுட்டு நம்ம ஊர்ல அப்பாவோட பழைய ஜீப்பைப் பிரிக்கக் கிளம்பிடாதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 படி, கம்பெனி குடுத்த அடிப்படை அமைப்பை நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாது. ஆனா குனிஞ்சு பார்க்க எந்தச் சட்டமும் தடை இல்லை. உங்க கார் சக்கரத்தை முழுசா திருப்பி நிறுத்திட்டு, டார்ச் அடிச்சு உள்ள பாருங்க. கீழ் ஆர்ம் எங்க ஆரம்பிக்குது, டை ராட் எங்க ஆரம்பிக்குதுன்னு தேடுங்க. போட்டோ எடுத்து அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.

ஏப்ரல்ல வண்டி ரோட்டுக்கு வந்தது. எங்க தெரு முடியற இடத்துல ஒரு ரயில்வே கிராசிங், ரோடு கரடுமுரடா இருக்கும். பையன் ஓட்டினான், நான் பக்கத்துல, பெரியவர் ஜன்னலோரம். தண்டவாளத்து மேல ஏறி இறங்கினப்போ நான் ரோட்டைப் பார்க்கலை, ஸ்டீயரிங்கை மட்டும்தான் பார்த்தேன். அது அசையலை. அவனுக்கு ஒண்ணும் தெரியலை, பாட்டை மாத்திட்டு இருந்தான்.

சரி மக்களே, அடுத்த வாரம் பார்க்கலாம். பத்திரமா ஓட்டுங்க.